உண்ணியும் ஒரு புதுக் கண்ணாடியும்

மே 6, செவ்வாய்

இன்று மரம் எண் 411 முதல் 452 வரை. பூங்காவின் மேட்டுப் பக்கம். ஊரில் மொத்தம் எத்தனை மரம் இருக்கிறது என்று நகராட்சிக்குத் திடீரென்று தெரிந்தாக வேண்டுமாம். இரண்டு வாரமாக நானும் நாடாக்காரரும் மரத்துக்கு மரம் சுற்றளவு எடுத்துக்கொண்டிருக்கிறோம். அவர் நாடாவைச் சுற்றுவார், நான் எழுதுவேன். முழங்கால் உயரத்துக்குப் புல். 438-ஆம் மரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம்.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்கு விருந்து. கூடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு மூலை, நான் ஒரு மூலை, நடுவில் பதினைந்து பேர். எங்களுக்கு அது தொந்தரவே இல்லை. இவருக்கு ஏழு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. அன்றிலிருந்து உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து இவரிடம் வம்பு பேசுவது. எதிர்வீட்டுக்காரர் தன் பிரதாபத்தை அளந்துகொண்டிருந்தபோது, "இதே கதையை மூணாவது தடவை சொல்றார், எண்ணிக்கிட்டீங்களா?" என்றேன். அந்த மூலையிலிருந்து பதில் பெருங்குரலில் வந்தது: "நாலு!"

தன் குரல் எவ்வளவு சத்தம் என்பது மட்டும் இவருக்கு இன்னும் தெரியாது.

மே 8, வியாழன்

குளிக்கும்போது வலது முழங்காலுக்குப் பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. மச்சம் என்று நினைத்தேன். மச்சத்துக்குக் கால் எப்படி வரும்? உண்ணி!

வீட்டில் கடிகாரம் பழுது பார்ப்பவர் இருப்பதன் அருமை இன்றுதான் தெரிந்தது. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்தார். முழுசாக வந்துவிட்டது. எள்ளளவுதான் இருக்கும். "இதைவிடச் சின்ன திருகாணியெல்லாம் எடுத்திருக்கேன்" என்று ஒரு பெருமை வேறு. குளியலறைச் சாக்கடைத் துளையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கதை முடிந்தது.

மே 17, சனி

உண்ணி இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம். அரிப்பு இல்லை, வலி இல்லை. காலுறையின் எலாஸ்டிக் உராய்ந்திருக்கும். கையில் நாடா இருந்தால் சும்மா இருக்க முடியுமா? சுற்றளவு 16 சென்டிமீட்டர்.

மே 21, புதன்

சுற்றளவு 28. நான்கு நாளில் பன்னிரண்டு கூடியிருக்கிறது. மரமாக இருந்தால் நல்ல வளர்த்தி என்று எழுதியிருப்பேன். நடுவில் வெளுத்து, ஓரத்தில் மட்டும் சிவப்பு. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. மேட்டில் ஏறி இறங்கியதன் பலன்.

நாடாக்காரர் இன்றும் 920-ஐ 902 என்று கூவினார். கொஞ்சம் அசந்தால் ஊரில் பதினெட்டு மரம் காணாமல் போயிருக்கும். கஷ்டகாலம்!

மே 28, புதன்

வட்டம் மறைந்துவிட்டது. சொன்னேனே, எலாஸ்டிக்தான்.

ஜூன் 5, வியாழன்

இவருக்கு என்ன ஆயிற்று?

ஏணி கேட்டேன், வாளி கொண்டுவந்தார். மகள் ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து கூப்பிடுவாள் என்றேன், "எதுக்கு விக்கணும்?" என்கிறார். மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டால், "நீதான் முணுமுணுக்கிறே" என்று என் தலையிலேயே போடுகிறார். காதே கேட்காதவருக்கு நான் முணுமுணுத்தால் என்ன, மைக் வைத்துக் கத்தினால் என்ன?

புதுப் பல்துலக்கியும் சரியில்லை. வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஓரத்தில் வழிகிறது.

ஜூன் 6, வெள்ளி

சண்டை. கோபத்தில் நான் வேகமாகப் பேசப் பேச, இவர் கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தார். பட்டென்று புரிந்தது. கண்! வயது ஐம்பது ஆகிறது. காலையிலிருந்து இரவு வரை பூதக்கண்ணாடிக்குள் பல்சக்கரம் பார்க்கிற கண். அதுவும் போய்விட்டால் கடை என்னாவது? நாங்கள் பேசிக்கொள்வது எப்படி?

இவரும் அதையேதான் யோசித்திருக்கிறார் போல. நாளைக்குக் கண்ணாடிக்கடைக்குப் போகலாம் என்று தாளில் எழுதிக் காட்டினேன். வழக்கமாக டாக்டர் என்ற பேச்சை எடுத்தாலே தலைதெறிக்க ஓடுகிறவர், மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜூன் 7, சனி

எங்கே ஆரம்பிப்பது?

கண்ணாடிக்கடைக்காரர் இவரை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார். இவர் கடைசி வரி வரைக்கும் படித்து, அதற்கும் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தார். "கழுகுக் கண்ணும்மா உங்க வீட்டுக்காரருக்கு. கடையில இவரைத் தவிர எல்லாருக்கும் கண்ணாடி தேவை" என்றார் கடைக்காரர்.

நான் விடவில்லை. "நல்லா இன்னொரு தடவை பாருங்க. நான் பேசுறது எதுவுமே இவருக்குப் பிடிபட மாட்டேங்குது" என்று மல்லுக்கு நின்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் சிரிங்க பாப்போம்."

"சிரிக்கிற மாதிரி இப்ப என்ன நடந்துச்சு?" என்றேன். இருந்தாலும் சிரித்தேன். கண்ணாடி போட்டுப் பார்ப்பதற்காக மேஜைமேல் வைத்திருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் என் பக்கம் மெல்லத் திருப்பினார்.

இடது பக்கம் மட்டும்தான் சிரித்தது. வலது பக்கம் எனக்கென்ன என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா சொல்றேனே, நீதான் சரியாப் பேசலன்னு!" என்று இவர் கடை அதிரச் சொன்னார். ஜெயித்த சந்தோஷம் ஒரு வினாடி. அடுத்த வினாடி முகம் வெளுத்துவிட்டது. கடைக்காரர் ஷட்டரை அப்படியே விட்டுவிட்டுத் தன் காரிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பக்கவாதம் என்று மூன்று பேருமே நினைத்தோம், மூன்று பேருமே சொல்லவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். கை தூக்கு, கால் தூக்கு, நாக்கை நீட்டு. பிறகு, "நெத்தியைச் சுருக்குங்க, புருவத்தைத் தூக்குங்க" என்றாள். வலது புருவம் ஏறவில்லை. அதைப் பார்த்து அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். "மூளையில அடைப்புன்னா பொதுவா நெத்தி அசையும்மா. உங்களுக்கு நெத்தியும் சேர்ந்து படுத்திருக்கு. அப்ப கோளாறு முக நரம்புலதான்." நெற்றி அசையாததற்கு இத்தனை சந்தோஷப்பட்ட குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

அப்புறம் கேள்விகள். காட்டுப்பக்கம் போவீர்களா? சம்பளமே அதற்குத்தான். உண்ணி கடித்ததா? ஒன்று. ஒட்டின அன்றைக்கே எடுத்தாச்சு. தோலில் சிவப்பாக ஏதாவது வந்ததா? இல்லவே இல்லை, என்று அடித்துச் சொன்னேன். ரத்தம் எடுத்துக்கொண்டு, நாளைக் காலை மறுபடி வரச் சொன்னாள்.

இதை எழுதிக்கொண்டே, உண்ணி எடுத்தது என்றைக்கு என்று பார்க்கப் பின்னால் புரட்டினேன் —

அடக் கடவுளே. மேட்டுப் பக்கம் போனது 6. எடுத்தது 8. மே 17. மே 21. "மரமாக இருந்தால் நல்ல வளர்த்தி"யாம். என் கையெழுத்தேதான்.

ஜூன் 8, ஞாயிறு

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வாங்கிப் படித்தாள். பிறகு கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "தேதி, அளவு, நடுவுல வெளுத்தது, உடம்பு வலி... எல்லாமே இருக்கு. யாரும் இவ்வளவு சுத்தமா எழுதிக் கொண்டுவந்ததே இல்ல. ஆனா சிவப்பு வட்டத்துக்கு யாராவது சுற்றளவு எடுப்பாங்களா அம்மா? விட்டம்தான எடுக்கணும்!"

தொழில் புத்தி, என்ன செய்வது. நான் அளந்தேன், எழுதினேன். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. மரம் வளர்ந்தால் அதற்காக யாரையாவது கூப்பிடுவேனா?

எனக்கு வந்திருப்பது உண்ணி பரப்பும் நோய்தானாம். அவள் சொன்னதை மறக்குமுன் எழுதிவைக்கிறேன். உண்ணி கடிப்பதால் மட்டும் இந்த நோய் வருவதில்லை. உண்ணிக்குள் ஒரு பாக்டீரியா இருக்க வேண்டும். அதுவும் உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்து ரத்தம் குடித்தால்தான் பெரும்பாலும் நம் உடம்புக்குள் இறங்கும். முதலில் கடித்த இடத்தில் வட்டமாகப் பரவும். அந்த வட்டத்தைப் பார்த்தாலே போதும், ரத்தப் பரிசோதனைகூடத் தேவையில்லை, மருந்து ஆரம்பித்துவிடலாமாம். விட்டுவிட்டால் வட்டம் தானாக மறையும். ஆனால் நோய் மறைவதில்லை. நரம்பு, மூட்டு, இதயம் என்று உள்ளே சுற்றுலா போகும். என்னுடையது முக நரம்பில் இறங்கித் தங்கிவிட்டது.

ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. மூன்று வாரம் மாத்திரை. இன்றைக்கே ஆரம்பம்.

"வாய் பழையபடி வருமா?" என்று இவர் கேட்டார். டாக்டர் இவரைப் பார்த்துத் திரும்பி, நிதானமாக, உதடு தெரியச் சொன்னாள்: "பெரும்பாலானவங்களுக்கு வந்துடும் சார். எத்தனை நாள்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நாடாக்காரர் பாவம்" என்றாள். பக்கத்துப் பத்தியையும் படித்திருக்கிறாள்!

ஜூன் 10, செவ்வாய்

மாத்திரைக்குச் சட்டதிட்டம் அதிகம். பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, பாலோடு சேர்க்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. மரம் எண்ணுகிறவளுக்கு வெயில் ஆகாது என்றால்? அலுவலகத்தில் உட்கார்ந்து நாடாக்காரர் எழுதிய எண்களைச் சரிபார்க்கிறேன். தண்டனை எனக்கா அவருக்கா தெரியவில்லை.

வலது கண் முழுசாக மூடுவதில்லை. சொட்டு மருந்து, தூங்கும்போது பிளாஸ்திரி. தூசி படாமல் இருக்க இவர் எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்தார், அதே கடையில். ஆக, போன வாரம் இவருக்காகக் கிளம்பிய கண்ணாடி என் மூக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதே உண்ணி நோய்தான்.

ஆஸ்பத்திரி கொடுத்த சிறு புத்தகத்தை இவர் வரிவரியாகப் படித்தார். அதில் அந்த பாக்டீரியாவின் படம் இருக்கிறது. பார்த்துவிட்டு, கடைப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கைக்கடிகாரத்தின் ஹேர்ஸ்பிரிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தலைமுடியைவிட மெல்லிய சுருள். "இந்த மாதிரி சுருண்டு சுருண்டு துளைச்சுக்கிட்டுப் போகுமாம். இதைவிடப் பல ஆயிரம் மடங்கு சின்னது." இத்தனூண்டு சுருளா என்னை இந்தப் பாடு படுத்துகிறது? எனக்கு அப்போதுதான் உண்மையாகவே விளங்கியது.

பிறகு இவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் எடுத்தது சரியில்லையோ? அழுத்திட்டேனோ?" ஐந்து நாளாக இதை மனசில் போட்டுக் குமைந்திருக்கிறார் மனுஷர். இழுத்து உட்காரவைத்துப் புத்தகத்தின் ஏழாம் பக்கத்தைக் காட்டினேன். ட்வீசர், தோலை ஒட்டிப் பிடித்தல், முறுக்காமல் நேராக. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பேனாவால் சரி போட்டேன். கடைசியில் பத்துக்குப் பத்து என்று எழுதினேன். தப்பு உங்களுடையது இல்லை, ரெண்டு நாள் தன் காலைத் திரும்பிக்கூடப் பார்க்காதவளுடையது. அப்புறம்தான் சாப்பிட்டார்.

ஜூன் 14, சனி

இன்று அழுதேன். எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

எதிர்வீட்டில் மறுபடி ஆள் கூட்டம். இவர் அந்த மூலை, நான் இந்த மூலை. எதிர்வீட்டுக்காரர் அதே கதையை ஐந்தாவது தடவையாக ஆரம்பித்தார். பழக்கதோஷத்தில் வாயை அசைத்தேன். இவர் பார்த்தார். உற்றுப் பார்த்தார். பிறகு, புரிந்த மாதிரி தலையாட்டிச் சிரித்தார். புரியவில்லை என்று எனக்குத் தெரியாதா? ஊரில் எல்லாருக்கும் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. காது கேட்காததை மறைக்க வெளியாட்களிடம் சிரிப்பாரே, அது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு அந்தச் சிரிப்பைக் கொடுத்ததில்லை.

வீட்டில் எல்லாம் தாளில்தான் எழுதிக்கொள்கிறோம். பால் வாங்கணும், மாத்திரை போட்டாச்சு, மகள் பேசினாள். காரியம் நடக்கிறது. ஆனா வம்பை எப்படி எழுதுறது? எழுதி முடிக்கறதுக்குள்ள ஆறிப்போயிடுதே. எனக்கு மூஞ்சி கோணிப்போனா போகட்டும். இந்த மனுஷனுக்கு உலகத்துல முழுசாப் புரிஞ்ச பேச்சு என்னோடது ஒண்ணுதான். அதையும் இந்த எள்ளுப் பொட்டு தின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?

ஜூன் 16, திங்கள்

இவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. காலையில் தபால் அட்டை ஒன்றை என் கையில் கொடுத்து, "வலது பாதியை மூடிக்கிட்டுப் பேசு" என்றார். ஒரு பாதி ஒன்று சொல்ல, மறு பாதி வேறொன்று சொல்வதுதான் குழப்புகிறதாம். நல்ல பாதி மட்டும் தெரிந்தால் தேறிவிடுவாராம்.

அட்டையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "உருளைக்கிழங்கு" என்றேன். யோசித்து, "உருளைக்கிழங்கு" என்றார். இரண்டு பேரும் லாட்டரி விழுந்த மாதிரி குதித்தோம்.

மகள் வீடியோவில் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, பாதி மூஞ்சியை வச்சுக்கிட்டே அப்பாவை இவ்வளவு திட்டுறியே!"

ஜூன் 20, வெள்ளி

அட்டைப் பேச்சு ஓடுகிறது, ஆனால் மாட்டு வண்டி வேகம். ஐந்து வார்த்தைக்குள் என்றால் பிடித்துவிடுவார். கிண்டலுக்கு ஐந்து வார்த்தை எப்படிப் போதும்?

ஜூன் 24, செவ்வாய்

அலுவலக அறிவிப்புப் பலகையில் நான் எழுதி ஒட்டியது: வெளிர் நிறக் கால்சட்டை போடவும், உண்ணி ஏறினால் தெரியும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகவும். வீடு திரும்பியதும் முழங்கால் பின்புறம், அக்குள், இடுப்பு, தலைமுடி ஓரம் பார்க்கவும். எண்ணெய், நெருப்புக்குச்சி வைத்தியம் வேண்டாம், ட்வீசர்தான். வட்டம் வந்தால் அளந்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் போகவும்.

கடைசி வரிக்குக் கீழே யாரோ "விட்டம்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாடாக்காரர் கையெழுத்து. டாக்டரின் கேலியை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 29, ஞாயிறு

நேற்றோடு மாத்திரை தீர்ந்தது. முகம் அப்படியே இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று வலது புருவத்தைக் கெஞ்சினேன், மிரட்டினேன். மசியவில்லை.

ஜூன் 30, திங்கள்

டாக்டரிடம் போனேன். "மருந்தோட வேலை கிருமியைக் கொல்றதும்மா, அது முடிஞ்சது. அடிபட்ட நரம்பு தன் வேகத்துலதான் எழுந்து வரும். இன்னும் மாத்திரை தின்னாலும் சீக்கிரம் வராது." இவர் தலையாட்டினார். "கடிகாரத்துல தூசி எடுத்தாச்சு, ஆனா உடனே சரியான நேரம் காட்டாது, அப்படித்தான?" டாக்டர், "அப்படியே வச்சுக்கங்க சார்" என்றாள். காலையும் மாலையும் கண்ணாடி முன் முகப்பயிற்சி. கட்டாயப்படுத்தாமல், மெதுவாக.

ஜூலை 4, வெள்ளி

மூக்கு! வலது நாசி ஓரம் ஒரு துடிப்பு. இவரைக் கூப்பிட்டேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு வந்து பார்த்தார். உண்மைதான் என்றார்.

ஜூலை 9, புதன்

வலது கண் மூடுகிறது. பிளாஸ்திரிக்கு விடுதலை.

ஜூலை 13, ஞாயிறு

வாய் கொப்பளித்தேன். ஒரு சொட்டு வழியவில்லை. பல்துலக்கியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் இவரிடம் அட்டையோடுதான் பேசுகிறேன். எடுக்கப் பயமாக இருக்கிறது. எடுத்து, இவர் மறுபடி அந்தச் சிரிப்பைச் சிரித்துவிட்டால்?

ஜூலை 19, சனி

காலையில் கண்ணாடி முன்னால் முகப்பயிற்சி. சாப்பாட்டு மேஜை பூராவும் ஏதோ ஒரு கடிகாரத்தின் குடலைப் பரப்பி வைத்திருக்கிறார், தட்டு வைக்க இடமில்லை. எரிச்சலாக வந்தது. அட்டையைத் தேடிப் பிடித்துத் திட்டுவதற்குள் கோபம் போய்விடும் என்பதால், கண்ணாடியில் தெரிந்த என்னிடமே, சத்தமில்லாமல், பழைய வேகத்தில் புலம்பினேன்: "இவரைக் கட்டிக்கிட்ட நேரம் எந்தக் கடிகாரத்துலயும் நல்ல நேரமா இருந்திருக்காது."

முதுகுக்குப் பின்னாலிருந்து, தெருவுக்கே கேட்கிற குரலில் பதில் வந்தது:

"அந்தக் கடிகாரத்தைக் கொண்டா, சரி பண்ணித் தரேன்!"

வாசற்படியில் நின்றுகொண்டு கண்ணாடிக்குள் என் வாயைப் பார்த்திருக்கிறார். அட்டை அலமாரியில் கிடந்தது. நான் திரும்பினேன். இவருக்கும் அப்போதுதான் உறைத்தது போல, கண் அட்டைக்கும் என் வாய்க்கும் மாறி மாறி ஓடியது.

அட்டையை நான் எடுக்கவில்லை. ஒன்றரை மாதப் பாக்கியையும் சேர்த்து, மேஜையைப் பற்றி, ஈரத்துண்டைப் பற்றி, எதிர்வீட்டுக்காரரின் ஐந்தாவது தடவைக் கதையைப் பற்றி முழு வாயும் திறந்து சத்தமில்லாமல் கொட்டித் தீர்த்தேன். ஒன்று விடாமல் பதில் சொன்னார்.